மொன்றியலில் பதினோராம் இலக்கம்

விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரிப் பெண், என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டாள். ஓர் உதைபந்தாட்டத்துக்கு நடுவராக நிற்க வந்திருக்கிறேன் என்றேன். நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். அறுபத்திரண்டு வயது, முன்வழுக்கை, முழங்காலில் பட்டி.

"அதற்கு இந்த ஊரில் ஆட்கள் இல்லையா?"

"இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நம்புகிற ஆள்தான் இல்லை."

முத்திரையைக் குத்தித் தந்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

நான் சொன்னது உண்மைதான். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பட்டம் படிக்கிற இடமல்ல. பெரிய பள்ளிக்கூடங்களைத்தான் அப்படிச் சொல்வோம். கல்லூரிகளுக்கிடையிலான உதைபந்தாட்டம் எங்களுக்குப் பாதி விளையாட்டு, பாதி வம்சப் பகை. நாட்டை விட்டுப் போனவர்கள் அம்மி குழவியை விட்டுவிட்டுப் போனாலும் இதை விட்டுவிட்டுப் போகவில்லை. மொன்றியலில் ஒவ்வொரு செப்ரெம்பர் கடைசியிலும் இரண்டு கல்லூரிகளின் பழைய மாணவர்கள் மோதுகிறார்கள். பெயர்களை எழுதினால் சண்டை இன்னொரு வருடம் நீளும். ஒன்று சிவப்புச் சட்டை, மற்றது பச்சை. அது போதும்.

போன வருடம் சிவப்பு இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றது. இரண்டையும் அடித்தவர் பதினோராம் இலக்க வீரர். அவர் பழைய மாணவரே இல்லை, ஆள்மாறாட்டம் என்று பச்சை முறையிட்டது. அதன்பிறகு ஒரு வருடம் முழுவதும் வட்ஸ்அப்பில் அடிபாடு. ஒரு கலியாண வீட்டில் பந்தியில் இரண்டு பக்கமாகப் பிரிந்து இருந்தார்களாம். கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், இரண்டு கல்லூரியிலும் படிக்காத, படிப்பிக்காத ஒருவரை ஊரிலிருந்து கூப்பிடுவது. நான் வேறொரு பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடத்துக்கு மேல் விசில் ஊதியவன். முறைப்பாட்டை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், பிறகு இந்த வருட ஆட்டத்துக்கு நடுவராக நிற்க வேண்டும். அனுப்பிய கடிதத்தில் "பதினோராம் இலக்க வீரர்" என்று மட்டும் இருந்தது. பெயர் இருக்கவில்லை. இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மனைவியின் தம்பி குகன் தன் டாக்சியில் வந்து ஏற்றினான். குகனுக்குப் பந்து என்றாலே தலையிடி. அதனால்தான் அவன் வீட்டில் தங்குவதற்கு இரண்டு பக்கமும் சம்மதித்தது.

"புட்டின் சாப்பிடுவமோ அத்தான்?" என்றான்.

புட்டு என்று நினைத்துத் தலையாட்டினேன். வந்தது பொரித்த உருளைக்கிழங்கு; மேலே கபிலக் குழம்பு ஊற்றி, கடித்தால் கீச்சென்று சத்தம் போடுகிற பாற்கட்டித் துண்டுகள். நல்ல பசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து மேசையில் முகத்தில் பாதிக்கு வர்ணம் பூசிய இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பிரெஞ்சில் தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். குகன் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தான். அவர்களுடைய உதைபந்து வேறு. தலைக்கவசம், தோள்கட்டு, முட்டை வடிவப் பந்து.

"எங்கள் பயிற்சியாளரின் கைச்சைகைகளைக் களவாகப் படம் பிடித்திருக்கிறார்கள்" என்றான் ஒருவன்.

"எல்லோரும்தான் செய்கிறார்கள். பிடிபடாதவன் நல்லவன்."

"நீ மைதானத்தில் நிற்கவில்லை. நான் நின்றேன். நாங்கள் நினைப்பதற்கு முன்னமே அவர்கள் அங்கே நின்றார்கள். யாரோ என் தலைக்குள் இருந்து பார்ப்பது போல இருந்தது."

பந்தின் வடிவம்தான் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

குகனின் வீடு நகரத்தின் லாசால் பகுதியில். நாலு மாடிக் கட்டடம். பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க் கடை. தன் மனைவி சொல்லிவிட்ட கருவேப்பிலை வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு போனான். நான் யார் என்று கடைக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"பதிவேட்டின்படி நாப்பத்தொன்பது வயசுக்காரன் அப்பிடி ஓடுவானோ? நீங்களே சொல்லுங்கோ மாஸ்டர்" என்றார் பச்சைத் தொப்பி போட்ட ஒருவர்.

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றவர் விடவில்லை. "உங்கட கோல் காக்கிறவர் ரொறன்ரோவில இருந்து வந்தவர்தானே? ஒரு தவணை படிச்சவரெல்லாம் பழைய மாணவரோ?"

"ஒரு தவணை எண்டாலும் படிச்சவர். இல்லாத ஆளை நாங்கள் இறக்கேல்லை."

கல்லாவில் இருந்த பெண் கருவேப்பிலையை நிறுத்துக்கொண்டே சொன்னாள். "என்ன இருந்தாலும் தயாபரன் அடிச்ச ரெண்டாவது கோல் வடிவான கோல்."

"தயாபரன் இந்த முறையும் வாறாரோ?" என்று பின்னால் இன்னொரு குரல் கேட்டது.

"எந்தத் தயாபரன்?" என்றேன்.

"அதுதான் மாஸ்டர், பதினொன்று. சிவபாதத்தாற்ர மகன் தயாபரன்" என்றார் பச்சைத் தொப்பிக்காரர்.

பேசியவர்கள் எல்லோரும் அவனை நேற்றுக் கண்ட ஆளைப் போலத்தான் சொன்னார்கள். முறையிட்ட பச்சைத் தொப்பிக்காரரும் அப்படியே.

தயாபரனை எனக்குத் தெரியும். யுத்த காலத்தில் சிவப்புக் கல்லூரிக்கு இடப்பக்க முன்வரிசையில் விளையாடியவன். பத்தொன்பது வயது. நான் நடுவராக நின்ற ஓர் ஆட்டத்தில் கோல் அடித்துவிட்டு, சரிதானே சேர் என்பது போல என்னைப் பார்த்தான். நான் விசிலை ஊதிக் கையை நடுவட்டத்துக்குக் காட்டினேன். நாலு நாள் கழித்து இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஜீப்புக்குள் முகம் மூடிய ஒருவன் இருந்தான். ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற அப்படிப்பட்டவனை ஊரில் தலையாட்டி என்போம். அவன் தலையை ஆட்டினான்; தயாபரனை வரிசையிலிருந்து இழுத்தார்கள். இவனைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் என்று எங்களிடம் சொன்னார்கள். தூக்கினால் அவனை விடுவார்களா, தூக்கியவனையும் சேர்த்துப் பிடிப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. தயாபரன் என்னைப் பார்த்தான். நான் கையைத் தூக்கவில்லை. பஸ் புறப்பட்டது. அவன் திரும்பி வரவில்லை. இதை நான் என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

கடையை விட்டு வெளியே வந்ததும் குகன் சொன்னான். "அந்த மனிசன் இஞ்சைதான் இருக்கிறார் அத்தான். தயாபரன்ர தகப்பன். பியர்பொன்ட்ஸில மகளோட. நீங்கள் அவரையும் விசாரிக்க வேணுமாம்."

வெள்ளிக்கிழமை காலை டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறைக்குப் போனேன். சிவப்பு அணியின் பொறுப்பாளர் பாஸ்கரன் அங்கே தலைமைச் சமையற்காரர். வெங்காயம் வெட்டிக்கொண்டே கதைத்தார். கண் கலங்கியது வெங்காயத்தாலா என்று கேட்கவில்லை.

"மறைக்க ஒண்டும் இல்லை மாஸ்டர். ஆட்டத்தண்டு காலமை எங்கட விங்கருக்குக் கால் பிரண்டு போச்சு. பூங்காவில எங்களோட விளையாடுற திருச்சிப் பெடியன் ஒருத்தன், கார்த்திக். இஞ்சை யூனிவர்சிற்றியில படிக்கிறான். அவனை இறக்குவம் எண்டு முடிவெடுத்தம். பதிவேட்டில இருந்து ஒரு பேர் வேணும். இருக்கிறவன்ர பேரைப் போட்டால் அவனே வந்து நிப்பான்."

"அதனால் இல்லாதவனின் பெயரைப் போட்டீர்கள்."

கத்தி நின்றது. "தகப்பனை அதுக்கு முதல் மாசம்தான் மகள் இஞ்சை கூப்பிட்டவ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒலிபெருக்கியில பதினொன்று, சிவபாதம் தயாபரன் எண்டு வாசிச்சாங்கள். பெடியன் கையைத் தூக்கினவன். சனத்துக்குள்ள ஒரு வயசு போன மனிசன் எழும்பி நிண்டார். ஆட்டம் முடியுமட்டும் அவர் நிண்டபடியே பாத்தவர்."

கைத்தொலைபேசியில் வீடியோவைக் காட்டினார். தூரத்திலிருந்து எடுத்தது, முகம் தெரியவில்லை. பதினோராம் இலக்கம் கோட்டோரமாக ஓடினான். பந்து காலுக்கு வருமுன் இடது தோளை ஒருமுறை தாழ்த்தி நிமிர்த்தினான். வீடியோவை நிறுத்தச் சொன்னேன். மறுபடி போடச் சொன்னேன். அந்தத் தோள் எனக்குத் தெரிந்த தோள். வேகமாக ஓடுகிறவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு சாய்வு இருக்கும் என்று எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

கார்த்திக்கின் வீட்டுக்குப் பச்சை வழி மெற்றோவில் போக வேண்டும். எதிர்த்திசை ரயிலில் ஏறி எட்டு நிலையம் போனபிறகுதான் விளங்கியது. நிலத்துக்குக் கீழே திசை என்று ஒன்றில்லை. ஊரில் வழி தவறினால் வெயில் சொல்லும். இங்கே கதவு மூடுகிற மணிச் சத்தம் மட்டும்தான். திரும்பி வந்து சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி.

கட்டடத்தின் வாசலில் கடிதப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு பெட்டியில் அச்சடித்த துண்டில் கார்த்திக்கின் பெயர். அதன் கீழே கையால் எழுதி ஒட்டியது: சி. தயாபரன். ஆங்கிலத்திலும் தமிழிலும். அந்தத் தமிழ் எழுத்துக்கு முன்னால் சிறிது நேரம் நின்றேன்.

கார்த்திக்குக்கு இருபத்தாறு வயது. மெலிந்த பையன், மரியாதை தெரிந்தவன். இருக்கச் சொல்லிவிட்டுத் தான் நின்றான்.

"தப்புதான் சார். ஒரு மேட்ச்தானேன்னு நினைச்சேன்."

"கீழே பெயர் ஏன்?"

"மேட்ச் முடிஞ்சதும் அந்த ஐயா என் அட்ரஸ் கேட்டு வாங்கினார். அடுத்த வாரம் லெட்டர் வந்துச்சு. தயாபரன் பேர்ல. பாக்ஸ்ல பேர் இல்லைன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க சார். திரும்பிப் போச்சுன்னா அவருக்கு எப்படி இருக்கும்? அதான் எழுதி ஒட்டினேன்."

மேசை இழுப்பறையைத் திறந்தான். நிறையக் கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"பிரிக்கல சார். எனக்கு வந்தது இல்லையே."

"வேறு ஏதாவது தொந்தரவு?"

யோசித்தான். "தொந்தரவுன்னு இல்ல. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவார். சாப்பிட்டியா, குளிருக்குச் சப்பாத்து வாங்கினியான்னு கேப்பார். நான் ஆமாங்கிறதுக்கு 'ஓம்'னு சொல்லுவேன். எங்க ஊர்ல யாரும் ஓம்னு சொல்ல மாட்டாங்க சார். அது எப்ப வந்துச்சுன்னே தெரியல." குரலைத் தாழ்த்தினான். "போன மாசம் லைப்ரரில உக்காந்திருந்தேன். பின்னாடி யாரோ தயாபரன்னு கூப்பிட்டாங்க. திரும்பிட்டேன். யாருமே இல்ல. அந்த மாடியிலயே நான் மட்டும்தான்."

கட்டடத்தின் வெப்பக் குழாய் எங்கோ டொக் டொக் என்று தட்டியது.

"அந்தத் தயாபரன் உயிரோட இருக்காரா சார்?" என்றான்.

தெரியாது என்றேன். அது பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல.

சனிக்கிழமை பியர்பொன்ட்ஸுக்கு பஸ்ஸில் போனேன். குகன் கொண்டுபோய் விடுகிறேன் என்றான், நான்தான் மறுத்தேன். நீண்ட பயணம் வேண்டியிருந்தது. வழியில் மூடுபனியாய்ப் புகார் இறங்கியது. சாரதி நிறுத்தங்களின் பெயரைச் சொல்லும் கருவி பழுதென்று ஏதோ பிரெஞ்சில் சொல்ல, நான் இரண்டு நிறுத்தம் முந்தி இறங்கிவிட்டேன். வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே புல், ஒரே கராஜ் கதவு. ஊரில் மதகில் இருக்கிற யாரையாவது கேட்டால் வீட்டை மட்டுமல்ல, அந்த வீட்டுச் சாதகத்தையும் சொல்வார்கள். இங்கே கேட்க ஒரு சீவன் இல்லை. நாயோடு போன ஒரு பெண் "பொன்ஜூர்" என்று சொல்லிவிட்டுப் புகாருக்குள் கரைந்தாள். அரை மணி நேரம் நடந்திருப்பேன். அப்போது ஒரு வீட்டின் பெரிய கண்ணாடி யன்னலுக்குள் ஒரு கை உயர்ந்து நிற்பதைக் கண்டேன். அசையாத கை.

கிட்டப் போனபோதுதான் அது தொலைக்காட்சி என்று தெரிந்தது. போன வருட ஆட்டத்தின் வீடியோ. பெயர் வாசித்ததும் பதினோராம் இலக்கம் கையைத் தூக்குகிற இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வீட்டு இலக்கத்தைப் பார்த்தேன். நான் தேடிய வீடு அதுதான்.

கதவைத் திறந்தவள் மகள் தர்சினி. நாற்பத்தைந்து வயதிருக்கும். சிறுபிள்ளைகள் காப்பகம் ஒன்றில், அவள் வாயில் கார்தெரி, வேலை செய்கிறாள். "அப்பா காலமை தொடக்கம் உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறார் மாஸ்டர்" என்றாள்.

சிவபாதம் ஐயா தொலைக்காட்சிக்கு எதிரே நிமிர்ந்து இருந்தார். சவரம் செய்த முகம், பித்தான் பூட்டிய கம்பளிச் சட்டை. தபாற்கந்தோரில் வேலை செய்தவர்களுக்கே உரிய ஒழுங்கு.

"நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வந்தவர். இருங்கோ" என்றார். "எனக்கு மூளை பிசகிப் போச்செண்டு கனபேர் நினைக்கினம். எனக்கு ஒண்டும் இல்லை. அந்தப் பெடியன் என்ர மகன் இல்லை. அவன் திருச்சிக்காரன். கார்த்திக்."

"பிறகு ஏன் ஐயா கடிதம்?"

"தயாபரன்ர பேருக்கு நான் எழுதாத இடம் இல்லை. முகாமுக்கு எழுதினனான், சிறைச்சாலைக்கு எழுதினனான். எல்லாம் திரும்பி வந்தது. தபாற்கந்தோர்க்காரனுக்குத் தெரியும், திரும்பி வாற கடிதம் எப்பிடி இருக்கும் எண்டு. இது திரும்பி வரேல்லை." தொலைக்காட்சியைக் காட்டினார். "எத்தினை இடத்தில அவன்ர பேரைக் கூப்பிட்டவங்கள் மாஸ்டர். நீதிமன்றத்தில, விசாரணையில. கூப்பிட்டிட்டுப் பாப்பினம். ஒருத்தரும் கை தூக்கேல்லை. இஞ்சை ஒருக்கா கூப்பிட்டவங்கள். ஒருத்தன் தூக்கினான்."

நான் அந்தக் கையைப் பார்க்காமல் கம்பளத்தைப் பார்த்தேன்.

"பேரை வெட்டப் போறியளோ?"

"வெட்டத்தான் வேணும் ஐயா. அவர் விளையாடவில்லை."

"விளையாடேல்லை எண்டு மட்டும் எழுதினால் அது அரைவாசி. அப்ப எங்கை நிண்டவன் எண்டும் எழுத வேணும். அதை எழுத உங்களாலயும் ஏலாது."

"ஏலும் ஐயா" என்றேன். "நான் அந்த பஸ்ஸில இருந்தனான்."

சமையலறையில் தண்ணீர்க்குழாய்ச் சத்தம் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை, ஜீப், தலையாட்டி, கேட்ட கேள்வி. அவன் என்னைப் பார்த்தது. நான் கையைத் தூக்காதது. முடித்ததும் ஐயா, தந்தி வாசகத்தைச் சரிபார்ப்பவர் போலக் கேட்டார்.

"எந்தப் பக்கத்துச் சீற்று?"

"இடப்பக்கம். யன்னலோரம்."

"கையில என்ன வைச்சிருந்தவன்?"

"ஒரு கொப்பி. சுருட்டிப் பிடிச்சிருந்தவர்."

"என்ன நிறச் சேர்ட்?"

"நீலம்."

அவர் கதிரையில் மெல்லச் சாய்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைச் சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்ப அது அவனில்லை" என்றார். "அவன் அண்டைக்கு வெள்ளைச் சேர்ட்டோட போனவன்."

"ஐயா, அவர்ர முகம் எனக்கு..."

"நீலம் எண்டு நீங்கள்தானே சொன்னியள். அது வேற ஆற்றையோ பிள்ளை. பாவம்." தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

தர்சினி தன் காரில் என்னை லாசாலுக்குக் கொண்டுவந்தாள். இரண்டாவது சிவப்பு விளக்கில் நிறுத்தினாள்.

"நீலம்தான் மாஸ்டர்" என்றாள். "நான்தான் அயர்ன் பண்ணிக் குடுத்தனான். அப்பா கேற்றடியில நிண்டு பாத்தவர். அவருக்குத் தெரியும்."

"பிறகு ஏன் அப்பிடிச் சொன்னவர்?"

"அம்மா சாகுமட்டும் இவர் சொன்னது ஒண்டுதான். கண்ட சாட்சி ஒருத்தர் வந்தால் போதும் எண்டு. வந்தால் என்ன நடக்கும் எண்டு யோசிக்கேல்லைப் போல."

கண்ணாடி துடைப்பான் ஈரத்தை வழித்து வழித்துப் போட்டது.

"உங்களுக்கு என்னில் கோபம் இல்லையோ பிள்ளை?"

"இருக்கு" என்றாள். வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்குத் தீர்ப்போட, நீங்கள் கை தூக்காததையும் சேர்த்து வாசிக்க வேணும்."

அவள் போனபிறகு குகனின் சாப்பாட்டு மேசையில் இருந்து தீர்ப்பை எழுதினேன். பெரிய பக்கம் ஒன்றுதான். எழுதி முடிக்க இருட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் ஆற்றங்கரைக்குக் கிட்ட. புகார் முழங்கால் உயரத்துக்குப் படுத்திருந்தது. கீழே ஆறு பாறைகளில் மோதுகிற சத்தம். ஆறு மட்டும் தெரியவில்லை. மட்டன் ரோல்ஸும் தேத்தண்ணியும் ஒரு மேசையில். சிவப்பும் பச்சையுமாகச் சனம். இடப்பக்கக் கோட்டோரமாக ஒரு மடிப்புக் கதிரையில் சிவபாதம் ஐயா இருந்தார். பக்கத்தில் தர்சினி.

ஒலிவாங்கியை வாங்கி வாசித்தேன். போன வருடம் பதினோராம் இலக்கத்தில் விளையாடியவர் கார்த்திக் என்பவர். பழைய மாணவர் அல்ல. சிவப்பின் வெற்றி செல்லாது. பச்சைத் தொப்பிக்காரர் பக்கத்தில் ஆரவாரம் எழுந்தது. கை காட்டி அமர்த்திவிட்டு மீதியை வாசித்தேன். "சிவபாதம் தயாபரன் இந்த ஆட்டத்தில் விளையாடவில்லை. அவரைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. கொண்டுபோனதை நான் கண்டேன். அவரைத் தெரியும் என்று நான் சொல்லவில்லை." சட்டையின் நிறத்தையும் வாசித்தேன்.

ஆரவாரம் செய்தவர்கள் செய்தபடியே நின்றார்கள். பச்சைத் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். ரோல்ஸ் மேசையடியில் ஒரு சின்னப் பிள்ளை பிரெஞ்சில் ஏதோ கேட்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். இந்த நடுவர் வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. சிவபாதம் ஐயா அசையவில்லை.

விசில் ஊதினேன். சிவப்பு அணியில் அன்று பதினோராம் இலக்கம் யாருக்கும் இல்லை. பன்னிரண்டாம் இலக்கக்காரர் இடப்பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் அவர் அந்தப் பக்கம் போகவேயில்லை. யாரும் சொல்லி வைத்ததல்ல. பந்து அங்கே உருளும். ஒருவரும் துரத்த மாட்டார்கள். அது புகாருக்குள் தானாக ஓடிக் கோட்டைத் தாண்டும். தடுக்க வேண்டிய பச்சைக்காரர்கூட அந்த இடத்தில் காலை வைக்கவில்லை. முதல் பாதி முழுவதும் மைதானத்தின் ஓர் ஓரம் வெறுமையாகக் கிடந்தது.

ஆட்களை எண்ணிக்கொண்டே இருப்பது நடுவரின் பழக்கம். இருபத்திரண்டு. ஒருமுறை எண்ணினேன், இருபத்துமூன்று வந்தது. விசிலை வாயில் வைத்தபடி திரும்ப எண்ணினேன். இருபத்திரண்டு. பிறகு நான் எண்ணவில்லை.

இடைவேளையில் கார்த்திக் வந்தான். துணிப்பை ஒன்றில் கடிதங்கள். மடிப்புக் கதிரைக்கு முன்னால் போய் நின்றான். சிவபாதம் ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, உம்மட பேர் என்ன?" என்றார்.

"கார்த்திக் ஐயா."

"முழுப்பேர்?"

"கார்த்திகேயன்."

ஐயா தலையாட்டினார். "ஓம், கார்த்திகேயன். அதை மகளிட்டைக் குடும். குளிருது. ஏதாவது குடியும்."

பையைத் தர்சினி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. இரண்டு பக்கமும் கை குலுக்கியது. பச்சையின் கோல் ஒரு மயிரிழையில் ஓஃப்சைட் என்று எனக்கே சந்தேகம், யாரும் தர்க்கப்படவில்லை. அப்படியொரு யாழ்ப்பாணத்து ஆட்டத்தை நான் என் வாழ்நாளில் ஊதியதில்லை.

சனம் கலைந்துகொண்டிருந்தபோது சிவபாதம் ஐயா எழுந்தார். தர்சினி பிடிக்கப் போன கையைத் தட்டிவிட்டு, மைதானத்தைக் குறுக்கே கடந்து தனியே என்னை நோக்கி வந்தார். முழங்கால்வரை புகார். வந்து சேர நெடுநேரம் எடுத்தது. நான் அவரை எதிர்கொண்டு போயிருக்க வேண்டும்.

முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"நீலம்தான்" என்றார்.

நான் விசிலைப் பைக்குள் வைத்தேன்.

"அது என்ன நாள் எண்டு வடிவா ஞாபகம் இருக்கோ உங்களுக்கு? வெளிக்கிட்ட நாள் எனக்குத் தெரியும். ஆனால் அண்டைக்கே நடந்ததோ, அடுத்த நாள் விடியவோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"மட்ச் முடிஞ்சு நாலாம் நாள். அண்டைக்குத்தான் ஐயா. காலமை பத்து மணி இருக்கும்."

"பத்தோ, பத்தரையோ?"

"பத்து. பள்ளிக்கூட மணி கேட்டது."

அவர் கம்பளிச் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"திகதியையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வையுங்கோ" என்றார். "திதி பாக்க வேணும்."

அணிப்பட்டியலின் பின்பக்கத்தைத் தொடையில் வைத்து எழுதினேன். ஈரத்தில் மை பரவியது. நேரத்தை மட்டும் இரண்டாம் முறை அழுத்தி எழுதினேன். அவர் அதை வாங்கி, மை காயும்வரை ஊதிக்கொண்டு நின்றார்.